169 புள்ளிக் கோலமும் ஒரு வலது முட்டியும்

முட்டி மாற்று ஆபரேஷனுக்கு முன்னால் நிரப்பிக் கொடுத்த படிவத்தில் 'விளையாட்டு / உடற்பயிற்சி / பொழுதுபோக்கு' என்று ஒரு கட்டம் இருந்தது. மகன் அதில் 'இல்லை' என்று எழுதியிருந்தார். அம்மாவுக்கு வயது 66, தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர், சர்க்கரை உண்டு, இரண்டு முட்டியும் தேய்ந்து போனவர். அவருக்கு என்ன பொழுதுபோக்கு என்று நினைத்திருப்பார். மகன்மேல் தப்பில்லை. காலை ஐந்து மணிக்கு அவர் தூங்கிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

அந்த ஐந்து மணிக்கு அம்மா வாசலில் இருப்பார். கல்யாணமாகி மேற்கு மாம்பலத்துக்கு வந்ததிலிருந்து 43 வருடமாக அதே வாசல். முதலில் தனி வீடு, பிறகு அது மூன்று மாடி ஃபிளாட் ஆனது, வாசல் மட்டும் மாறவில்லை. சாதாரண நாளில் சின்னதாக ஒரு சிக்குக் கோலம். மார்கழியில் 15 புள்ளி, இடுக்குப் புள்ளி 8 வரை. கோலம் போடுபவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். போடாதவர்களுக்காக: நடு வரிசையில் 15 புள்ளி, அதற்கு மேலும் கீழும் 14, 13 என்று குறைந்துகொண்டே போய் 8-ல் நிற்கும். மொத்தம் 15 வரிசை, 169 புள்ளி. அப்புறம்தான் கோடே இழுக்க ஆரம்பிக்க வேண்டும்.

நான் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்பவள். இவரை 'மாமி' என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், அளவுகளை மாற்றவில்லை. முதல் நாள் நான் கேட்ட கேள்வி, "மாமி, ஆபரேஷன் முடிஞ்சு என்ன பண்ணணும்னு ஆசை?" என்பது. பெரும்பாலும் 'வலி இல்லாம நடந்தா போதும்' என்பார்கள். மாமி யோசிக்கவே இல்லை. "மார்கழி கோலம். போன வருஷம் மருமகள் ஸ்டிக்கர் ஒட்டிட்டா."

முட்டி மாற்றிய பிறகு எந்த விளையாட்டுக்குத் திரும்பலாம், எதற்குக் கூடாது என்று அறுவை நிபுணர்கள் தயாரித்த பட்டியல்கள் இருக்கின்றன. நடை, நீச்சல், சைக்கிள், கோல்ஃப், இரட்டையர் டென்னிஸ் சரி. ஓட்டமும் குதிப்பதும் வேண்டாம். நான் படித்த எதிலும் கோலம் இல்லை. அதனால் அதை ஒரு விளையாட்டாகவே பாவித்து நானே பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அப்படிப் பார்த்தபோது என் வேலையில் நான் செய்துகொண்டிருந்த ஒரு தப்பும் வெளியே வந்தது.

ஆபரேஷனுக்கு முன்

வலது முட்டி 100 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. நேராக நீட்டவும் முடியவில்லை, 15 டிகிரி பாக்கி. கால் வில் மாதிரி வெளியே வளைந்திருந்தது. எக்ஸ்ரேயில் முட்டியின் உள்பக்க இடைவெளி என்ற ஒன்றே இல்லை, எலும்பு எலும்பின் மேல் உட்கார்ந்திருந்தது. கையை ஊன்றாமல் 30 வினாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணும் ஒரு எளிய சோதனை உண்டு. 65 முதல் 69 வயதுப் பெண்களுக்கு 11 முதல் 16 வரை வருவது வழக்கமான அளவு. மாமிக்கு 6 வந்தது, ஆறாவது பாதி ஏமாற்று.

மூன்று மாதச் சர்க்கரை சராசரி 8.1 என்று வந்ததால், முதலில் அதைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று அறுவை நிபுணர் இரண்டு மாதம் தள்ளிப் போட்டார். சர்க்கரை கூடியிருந்தால் புண் ஆறுவதும் சிரமம், கிருமித் தொற்று வரும் வாய்ப்பும் கூடும். வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல். எனக்கு அது அதிர்ஷ்டமாகப் பட்டது. இரண்டு மாதம் தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுக்க முடிந்தது. ஆபரேஷன் ஆன முதல் மாதத்தில் தொடையின் முன்பக்கத் தசை தன் வலுவில் பாதிக்கு மேல் இழந்துவிடும். வங்கியில் கொஞ்சம் போட்டு வைத்திருந்தால்தானே எடுக்க முடியும். சர்க்கரை 7.2-க்கு வந்தது, ஜூன் இரண்டாவது வாரத்தில் தேதி கிடைத்தது.

இந்த இடைவெளியில் குடும்பத்துக்குள் பெரிய விவாதம் எந்த முட்டி வைப்பது என்பதுதான். 'ஹை ஃப்ளெக்ஸ்' வைத்தால் சம்மணம் போடலாம், தரையில் உட்காரலாம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முட்டிகளுக்கு உச்சவரம்பு விலை வைத்தபோது சாதாரண கோபால்ட் குரோமியம் வகைக்கு 54,720 ரூபாய், ஹை ஃப்ளெக்ஸுக்கு 56,490 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. பிறகு விலை கொஞ்சம் மாறியிருக்கிறது. அதற்கு முன்னால் இரண்டுக்கும் நடுவே இருந்த வித்தியாசத்தைக் கேட்டவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் ஹை ஃப்ளெக்ஸ் வைத்தவர்கள் மற்றவர்களைவிடச் சொல்லிக்கொள்ளும்படி அதிகமாக மடக்கவில்லை. ஆபரேஷனுக்கு முன் முட்டி எவ்வளவு மடங்கியதோ, அதை ஒட்டித்தான் பின்னாலும் மடங்கும். மாமிக்குச் சாதாரண வகையே வைத்தார்கள்.

முட்டியைக் கழற்றிவிட்டு வேறு முட்டி மாட்டுவது போலப் பலர் நினைக்கிறார்கள். பல்லுக்குக் கேப் போடுவது மாதிரி என்றால் சரியாக இருக்கும். தொடை எலும்பின் நுனியையும் கீழ்க்கால் எலும்பின் தலையையும் ஒரு சென்டிமீட்டருக்குள்ளாகச் செதுக்கி, உலோக மூடி போட்டு, நடுவில் பாலிஎதிலீன் தகடு வைப்பார்கள். வளைந்த காலும் அப்போதே நேராகிவிடும். எத்தனை நாள் உழைக்கும் என்பது மாமாவின் கேள்வி. 2019-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, பல நாட்டுப் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்து, முழு முட்டி மாற்றியதில் சுமார் 82 விழுக்காடு 25 வருடம் நிற்கிறது என்றது. "அப்போ எங்களைவிட அது கெட்டி" என்றார் மாமா.

முதல் மூன்று வாரம்

மறுநாள் காலையிலேயே வாக்கர் கொடுத்து நடக்க வைத்துவிட்டார்கள். நாலாவது நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டாவது மாடி, 36 படி, லிஃப்ட் கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். படி ஏறி இறங்க ஆஸ்பத்திரியிலேயே பழக்கி அனுப்பியிருக்க வேண்டும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். இதைக் கற்றுக்கொள்ள அரை மணி போதும்.

ஆறாவது நாள் நான் போனேன். முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கி, தொட்டால் சுட்டது. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். வீக்கம் முழுசாக வடிய மூன்று முதல் ஆறு மாதம்கூட ஆகும். ஒன்பதாவது நாள் கெண்டைக்கால் திடீரென்று இறுகி வலித்தது. ரத்தக்கட்டு இருக்கலாம் என்று அன்றே டாப்ளர் ஸ்கேனுக்கு அனுப்பினேன். ஒன்றும் இல்லை. அரை நாள் வீண் என்று வீட்டில் முணுமுணுத்தார்கள், முணுமுணுக்கட்டும். கெண்டைக்கால் வலியும் வீக்கமும், மூச்சுத் திணறல், காய்ச்சல், தையலில் நீர் கசிவு, இதில் எது வந்தாலும் பிசியோவுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது. நேராக ஆஸ்பத்திரி.

மற்றபடி எல்லாம் நன்றாகப் போனது. அல்லது அப்படி நினைத்தேன். இரண்டாவது வாரம் 90 டிகிரி மடங்கியது, மூன்றாவது வாரம் 104. நான் மாமியிடமும் மாமாவிடமும் பெருமையாக எண்ணைச் சொல்வேன், மாமா அதைக் காலண்டரில் குறித்துவைப்பார். அமெரிக்காவில் இருக்கும் மகள் போன் செய்தால் முதல் கேள்வி, "இன்னிக்கு எவ்வளவு மடங்கித்து?" பக்கத்து வீட்டு மாமியும் அதையே கேட்பார். ஊரே மடங்குவதைத்தான் கேட்கிறது. எண் ஏறிக்கொண்டே போனது, ஆனால் மாமியின் நடை மட்டும் தேறவே இல்லை. ஐந்து நிமிடத்தில் தொடை நடுங்கும், உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொரு எட்டிலும் வலது பக்கம் தாழ்ந்து எழும். 'ஆபரேஷன் ஆன கால், அப்படித்தான் இருக்கும்' என்று நானும் இரண்டு வாரம் ஓட்டினேன்.

திண்டு

வழக்கமாக நான் போவது காலை 11 மணி. மாமி குளித்து, நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருப்பார். ஒரு வியாழக்கிழமை வேறொரு வீட்டில் நேரம் மாறி, மத்தியானம் இரண்டு மணிக்குப் போக வேண்டியதாயிற்று. மாமி கட்டிலில் படுத்திருந்தார். வலது முட்டிக்கு அடியில் பழைய வேட்டி சுற்றிய ஒரு திண்டு. முட்டி அதன் மேல் சுகமாக வளைந்து கிடந்தது.

"இது எப்பலேர்ந்து?"

"வந்த நாள்லேர்ந்துதான்" என்றார் மாமா. "காலை நீட்டினா வலிக்கறதுங்கறா. ராத்திரி நான்தான் வெச்சு விடறேன். நடுவுல நழுவித்துன்னா எழுந்து சரி பண்ணுவேன்."

அறுபது வருடத்துக்கு மேல் ஒரு டம்ளரைக்கூட நகர்த்தி வைக்காத மனிதர் என்று மாமியே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் மூன்று வாரம் ராத்திரி ராத்திரி எழுந்து திண்டைச் சரிசெய்திருக்கிறார். அவரிடம் எப்படிச் சொல்வது?

திண்டு சுகமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. வீங்கிய மூட்டுக்குள் நீர் தேங்கியிருக்கும். முட்டி 25, 30 டிகிரி மடங்கிய நிலையில்தான் உள்ளே இடம் அதிகம், அழுத்தம் குறைவு. அதனால் கால் தானாகவே அந்த நிலையைத் தேடும். அப்படியே விட்டால் பின்பக்கத்துத் தசையும் சவ்வும் அந்த நீளத்துக்கே இறுகிவிடும். அளக்கும் கோண அளவியை எடுத்து அன்றைக்குத்தான் நீட்டலை ஒழுங்காக அளந்தேன். 12 டிகிரி பாக்கி. ஆபரேஷன் மேஜையில் கால் முழுக்க நேராக வந்தது என்று டிஸ்சார்ஜ் தாளில் இருந்தது. மேஜையில் கிடைத்ததை மெத்தையில் தொலைத்திருந்தோம்.

தப்பு மாமாவுடையது இல்லை, என்னுடையது. 'முட்டிக்கு அடியில் தலையணை வைக்கக் கூடாது' என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் இருந்தது, ஆங்கிலத்தில், பதினோராவது வரியில். நான் வாயால் சொன்னேனா என்று இப்போது நினைவில்லை. படுக்கையில் எப்படிப் படுக்கிறார் என்று ஒரு முறையாவது பார்த்திருக்க வேண்டும்.

12 டிகிரியில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். எழுந்து நின்று, இரண்டு முட்டியையும் லேசாக மடக்கி, அப்படியே இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். தொடை எரிய ஆரம்பிக்கும். நேரான கால் தசைக்கு வேலை கொடுக்காமலே உடம்பைத் தாங்கும். வளைந்த கால் நிற்கும் ஒவ்வொரு நொடியும் தசையைக் கொண்டு தாங்க வேண்டும். அதுவும் பாதி வலுவில் இருக்கும் தசை. போதாததற்கு வளைந்த கால் குட்டையான கால், நடக்கும்போது இடுப்பு ஒரு பக்கம் இறங்கும், நாளடைவில் முதுகும் பிடித்துக்கொள்ளும். மாமியின் தொடை ஏன் ஐந்து நிமிடத்தில் நடுங்கியது என்பதற்கு விடை மூன்று வாரமாகக் கட்டிலிலேயே இருந்திருக்கிறது.

திண்டை எடுத்து எறியவில்லை. குதிகாலுக்கு அடியில் வைத்தேன். முட்டி அந்தரத்தில் தொங்கி, தன் கனத்திலேயே கீழே இறங்க வேண்டும். பத்து நிமிடம், ஒரு நாளைக்கு ஐந்து தடவை. முதல் நாள் மாமி மூன்று நிமிடத்தில் அழுதுவிட்டார். பிறகு மாமியே ஒரு வழி கண்டுபிடித்தார். மத்தியான சீரியல் ஓடும்போது குதிகாலைத் திண்டில் வைத்துக்கொள்வது, விளம்பரம் வந்தால் முட்டியைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணி விடுவது. விளம்பர இடைவேளை எவ்வளவு நீளம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நாலாவது வாரத்திலிருந்து முட்டிக்குச் சற்று மேலே ஒரு கிலோ கேழ்வரகு மாவுப் பாக்கெட்டைத் துணியில் சுற்றி வைத்தோம். ராத்திரி காவல் வேலை மாமாவுக்கே. முன்பு திண்டு நழுவினால் எழுந்தவர், இப்போது மாமி தூக்கத்தில் தலையணையை முட்டிக்கு அடியில் இழுத்தால் எழுந்தார்.

ஆறாவது வாரம் 5 டிகிரி பாக்கி, பத்தாவது வாரம் 1. மடங்குவதும் தானாக 112-க்கு வந்திருந்தது. நடுக்கம் போய்விட்டது. இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் நீட்டலைத்தான் முதலில் அளக்கிறேன். முதல் வாரத்தில் ஒரு நாளாவது சொல்லாமல் கொள்ளாமல் மத்தியானம் போய் நிற்கிறேன்.

சின்னச் சின்னக் கவலைகளும் இருந்தன. தழும்புக்கு வெளிப்பக்கம் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மரத்துப் போயிருந்தது. தோலை வெட்டும்போது ஒரு சின்ன நரம்புக் கிளையும் அறுபடுவதால் வருவது, பயப்பட ஒன்றுமில்லை. நடக்கும்போது 'டக் டக்' என்று சத்தம்; உலோகமும் பிளாஸ்டிக்கும் தொட்டுக்கொள்ளும் சத்தம். உறவுக்காரர் ஒருவர் சூடான எண்ணெய் போட்டு நீவிவிட ஆள் அனுப்புகிறேன் என்றார். நான் இருக்கும் வரை அந்த ஆள் வரவில்லை, இல்லாதபோதும் வராமல் மாமா பார்த்துக்கொண்டார்.

ஸ்கைவாக்

ஐந்தாவது வாரம் வாக்கரை விட்டுக் கைத்தடி, எட்டாவது வாரம் அதுவும் இல்லை. வீட்டுக் கூடத்தில் நடப்பதும் தெருவில் நடப்பதும் ஒன்றில்லை. மேற்கு மாம்பலத்தில் நடைபாதை என்று ஒன்று இருக்கும் இடத்தில் ஸ்கூட்டர் நிற்கும், ஸ்கூட்டர் இல்லாத இடத்தில் கல் பெயர்ந்திருக்கும். நடந்து பழகத் தட்டையான, நிழலான, வண்டி வராத இடம் வேண்டும். மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி. நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஸ்கைவாக் நினைவுக்கு வந்தது. 2023 மே மாதம் திறந்தது, 570 மீட்டர் நீளம், லிஃப்ட் உண்டு. சாயங்காலமும் தீபாவளி சமயத்திலும் அங்கே கால் வைக்க முடியாது. காலையில் போனால் நம்முடையது.

பதினோராவது வாரம் ஆட்டோவில் துரைசாமி சப்வே வழியாகப் பேருந்து நிலையப் பக்கம் போனோம். ஆட்டோவில் ஏறுவதே ஒரு பாடம். முதலில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, அப்புறம் இரண்டு காலையும் உள்ளே எடுக்க வேண்டும். ஒரு காலை உள்ளே வைத்து உடம்பைத் திருகி ஏறினால் புது முட்டிக்கு அது பிடிக்காது. ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மாமிக்கு 12 நிமிடம் ஆனது, நடுவில் ஒரு முறைதான் கைப்பிடியில் சாய்ந்தார். கீழே ரங்கநாதன் தெரு அப்போதுதான் கடை திறந்துகொண்டிருந்தது. "இத்தனை வருஷம் இந்தக் கூட்டத்துக்குள்ள இடிபட்டிருக்கேன், மேலேர்ந்து பாக்கறது இப்பத்தான்" என்றார். அடுத்த மாதம் போக வர இரண்டும் சேர்த்து நிற்காமல் நடந்தார்.

கோலத்தைப் பிரித்துப் பார்த்தது

கோலம் போட இரண்டு வழி. ஒன்று, குந்தி உட்கார்ந்து நகர்வது. அதற்கு முட்டி 130 டிகிரியாவது மடங்க வேண்டும். மாமிக்கு மூன்றாம் மாதம் 118, இனிமேல் பெரிதாக ஏறாது. இன்னொன்று, பழைய வழி: காலை அகட்டி நின்று, முட்டியை வளைக்காமல், இடுப்பிலிருந்து குனிவது. வயதான பாட்டிகள் அப்படித்தான் போடுவார்கள். யோசித்துப் பாருங்கள், இந்த வழிக்கு முட்டி மடங்கவே வேண்டாம்! நேராக நீள வேண்டும், தொடை தாங்க வேண்டும், இடுப்பு மடங்க வேண்டும். அந்த 12 டிகிரி பாக்கி இருந்திருந்தால் குனிந்த மறு நிமிடமே தொடை விட்டுக் கொடுத்திருக்கும். 118 ஆனாலும் 128 ஆனாலும் கோலத்துக்கு ஒன்றுதான்.

செப்டம்பரில் வீட்டுக்குள் மொசைக் தரையில் சாக்பீஸால் ஆரம்பித்தோம். முதலில் கோலமே இல்லை, குனிவது மட்டும். மாப் கம்பை முதுகோடு சேர்த்துப் பிடித்து, தலை, முதுகு, வால் எலும்பு மூன்றும் கம்பைத் தொட்டபடி பின்பக்கத்தைப் பின்னால் தள்ளிக் குனிய வேண்டும். முதுகு வளைந்தால் கம்பு விலகிவிடும். இடது கை இடது தொடையில் ஊன்றியிருக்கும். பக்கவாட்டில் எட்டிப் போட வேண்டிய புள்ளிக்கு உடம்பைத் திருகக் கூடாது, ஒரு எட்டு எடுத்து வைக்க வேண்டும். மாமி 43 வருடப் பழக்கத்தில் எல்லாப் புள்ளியையும் ஒரே இடத்தில் நின்றே எட்டுவார். இதை மாற்றத்தான் ரொம்ப நாள் பிடித்தது.

பிறகு அளவு. உடற்பயிற்சிக் கூடத்தில் எடை கூட்டுவது போல இங்கே புள்ளி கூட்டினோம். 5 புள்ளி, 3 வரை என்றால் மொத்தம் 19. 7-4 என்றால் 37. 9-5 என்றால் 61. ஒரு அளவை ஒரு வாரம் முழுக்கப் போட்டு, மறுநாள் காலை முட்டி எழுந்த விதத்தைப் பார்த்து அடுத்ததற்குப் போவது. இதற்கு ஒரே விதிதான் வைத்துக்கொண்டோம். போடும்போது கொஞ்சம் வலிக்கலாம், சாயங்காலம் கொஞ்சம் வீங்கலாம். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வராவிட்டால் நேற்றுப் போட்டது அதிகம்.

அக்டோபரில் முட்டி 61 புள்ளியைத் தாங்கியது, தலை தாங்கவில்லை. கடைசி வரிசை முடித்து நிமிர்ந்த மாமி தள்ளாடிச் சுவரைப் பிடித்தார். நான் பக்கத்தில் இருந்த நாள், பிழைத்தோம். படுக்க வைத்துப் பி.பி. பார்த்தால் 138/80, நிற்க வைத்துப் பார்த்தால் 112/70. மேல் எண் 20-க்கு மேல் இறங்கினால் அது வெறும் அசதி இல்லை. அவருடைய டாக்டரிடம் அனுப்பினேன், மாத்திரை அளவை மாற்றினார். முட்டியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தால் இப்படித்தான், விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வது வேறு எதனாலோ இருக்கும். அன்றிலிருந்து ஒரு வரிசைக்கு ஒரு முறை நிமிர்ந்து, இரண்டு மூச்சு விட்டுத்தான் அடுத்த வரிசை. 15-8 கோலத்தில் 15 முறை நிமிர வேண்டும். தாளம் கெட்டுப்போகிறது என்று மாமிக்கு இதில் இன்றுவரை வருத்தம்.

நவம்பர் மழையில் வெளியே ஒன்றும் நடக்கவில்லை. தெருவில் தண்ணீர் நின்றது, மாமி கூடத்திலேயே போட்டுக்கொண்டிருந்தார். 36 படியையும் மாற்றுக் காலில் இறங்க, அதாவது படிக்கு ஒரு காலாக, அந்த மாதம்தான் பழகினார். மழைக்கு நன்றி சொல்ல வேண்டும்.

மார்கழி

டிசம்பர் 16, மார்கழி முதல் நாள். எனக்குக் கோலத்தைவிட வாசல் தெளிப்பதில்தான் பயம். தண்ணீர் தெளித்த கிரானைட்டில் வெறுங்காலோடு அரை இருட்டில் நிற்பது நல்ல முட்டிக்கே ஆபத்து. மருமகள் தெளித்துப் பெருக்கி, பத்து நிமிடம் கழித்து மாமி இறங்குவது என்று ஏற்பாடு. படியில் ஒரு எல்.இ.டி. விளக்கு போட்டார்கள். மாமி 61 போடக்கூடியவர், முதல் நாள் 37-தான் போட்டார். "குளிர்ல கை நடுங்கறது" என்றார். கை இல்லை, மனசு.

அந்த வாரம் எடுத்த அளவுகள்: நீட்டல் 0, மடக்கல் 120. நாற்காலியிலிருந்து 30 வினாடியில் 12 முறை, ஏமாற்று எதுவும் இல்லை. ஆறு நிமிட நடையில் 405 மீட்டர்.

ஜனவரியில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் நடக்கும் கோலப் போட்டிக்குப் பேர் கொடுக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஒதுக்கின கட்டத்துக்குள், நேரத்துக்குள், பக்கத்தில் ஆள் இருக்கும்போது எட்டு எடுத்து வைத்து நிமிர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருக்க முடியாது, பழையபடி திருகி எட்டிப் போடுவார். வேடிக்கை பார்க்கப் போனார். போட்டியில் ஜெயித்த கோலத்தில் ஒரு சிக்கு தப்பு என்று வந்து சொன்னார்.

பொங்கலன்று 15-8. புள்ளி முழுக்க மாமி, கோடு முழுக்க மாமி, ஓரத்தில் கரும்பும் பானையும் பேத்தி. 55 நிமிடம் ஆனது. நான் போகவில்லை, பண்டிகை நாள், போட்டோ வந்தது. மறுநாள் முட்டிச் சுற்றளவு ஒன்றரை சென்டிமீட்டர் கூடியிருந்தது, அதாவது எங்கள் விதிப்படி அதிகம். ஐஸ் வைத்து, இரண்டு நாள் சின்னக் கோலம் மட்டும். மூன்றாம் நாள் வடிந்துவிட்டது. 169 புள்ளியை வருடத்துக்கு இரண்டு மூன்று நாளுக்கு மேல் போட வேண்டாம் என்று ஒப்பந்தம், அதில் மாமி எவ்வளவு நிற்பார் என்பது அடுத்த மார்கழியில் தெரியும்.

மொட்டை மாடித் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தொட்டிகளை இரண்டு வரிசை செங்கல் மேல் ஏற்றினார்கள். பத்து லிட்டர் வாளியைத் தூக்கிக்கொண்டு படி ஏறியவர் இப்போது ஹோஸ் பைப் பிடிக்கிறார். தரையில் மண்டியிட்டுக் களை பிடுங்கலாமா என்றால், செயற்கை முட்டி அதனால் கெடாது, ஆனால் தழும்பின் மேல் அழுத்தம் பலருக்குப் பிடிப்பதில்லை. மாமி ஒரு முறை தலையணை போட்டு மண்டியிட்டுப் பார்த்து, வேண்டாம் என்று எழுந்துவிட்டார். கத்தரியும் வெண்டையும் இதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை.

ஒரு வருடம் முடிந்தபோது வலது கால் பற்றி மாமிக்குப் புகார் ஒன்றே ஒன்று: மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் பீப் அடிக்கிறது. இடது முட்டிதான் இப்போது வலிக்கிறது. எக்ஸ்ரேயில் அதுவும் வலதுக்குச் சளைத்ததில்லை. நவம்பரில் வைத்துக்கொள்ளலாம் என்றார் அறுவை நிபுணர். மாமி காலண்டரைப் புரட்டி, மார்கழி முடியட்டும், தை அமாவாசைக்கு அப்புறம் பார்க்கலாம் என்றிருக்கிறார். நீட்டல் பயிற்சியை இப்போதே ஆரம்பித்தாயிற்று, அதே சீரியல் நேரத்தில். போன வாரம் வீடியோ காலில் பேசும்போது போனைக் கட்டில் பக்கம் திருப்பச் சொன்னேன். மாமா திருப்பினார். இடது குதிகாலுக்கு அடியில் திண்டு, முட்டிக்கு அடியில் ஒன்றும் இல்லை.